கார் குலுக்கல் கூப்பன்: பரிசு விழுந்தாலும் கேட்டு வாங்க முடியுமா?

கேள்வி: மேலூரில் தையல் கடை நடத்துகிறேன். ரூ.299 கட்டிச் சாவிக்கொத்து வாங்கினால், ஒன்பது லட்ச ரூபாய் காருக்கான குலுக்கல் கூப்பன் இலவசம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தினர் விளம்பரம் செய்தார்கள். மொத்தம் 50,000 கூப்பன்கள். 'மீனாட்சி அம்மன் கோயில் எந்த ஊரில் உள்ளது?' என்ற கேள்விக்கு விடையும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்ததால் நம்பி ஐந்து கூப்பன்கள் எடுத்தேன். சித்திரைத் திருவிழாவின்போது நடக்கும் என்ற குலுக்கல் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. இப்போது இருபது பேரைச் சேர்த்துவிட்டால் எனக்கு இரண்டு கூப்பன்கள் இலவசம் என்கிறார்கள். இது சட்டப்படி செல்லுமா? ஆள் சேர்த்துவிடலாமா? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: செல்லாது. பணம் கொடுத்து, அதிர்ஷ்டத்தின் பேரில் ஒருவருக்குப் பரிசு போய்ச் சேருமாறு நடத்தப்படுவது எதுவாயினும், அதற்குக் கூப்பன் என்று பெயரிட்டாலும் போட்டி என்று பெயரிட்டாலும், சட்டத்தின் பார்வையில் அது லாட்டரிதான். 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி லாட்டரி நடத்தும் உரிமை மாநில அரசுகளுக்கு மட்டுமே உண்டு. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரி விற்பனையே தடை செய்யப்பட்டுள்ளது. குமுளிக்குப் போய்க் கேரள அரசின் சீட்டை வாங்குகிறவர்கள் நம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. தனியார் நடத்தும் கார் குலுக்கலுக்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை.

சாவிக்கொத்தும் கோயில் கேள்வியும் இந்த உண்மையை மறைக்கப் போட்ட திரைகள். கேள்விக்கு விடை தெரியாதவர் மதுரை மாவட்டத்தில் யாரும் இருக்க மாட்டார். விடை சொன்ன எல்லோரிலிருந்தும் ஒருவரைக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்னும்போது, அதைத் திறமைப் போட்டி என்று நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம். கடைத்தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சாவிக்கொத்துக்கு ரூ.299 கொடுக்கிறீர்கள் என்றால், மிச்சப் பணம் கூப்பனுக்கான விலையே. ஜி.எஸ்.டி. பதிவு வரி செலுத்துவதற்கானது. குலுக்கல் நடத்துவதற்கான உரிமம் ஆகாது.

தண்டனையைப் பொறுத்தவரை, அரசு லாட்டரி அல்லாத குலுக்கலுக்கு இடம் வைத்து நடத்துபவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம் என்று, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆவது பிரிவு சொல்கிறது. அத்தகைய குலுக்கலின் பேரில் பணமோ பொருளோ தருவதாக அறிவிப்பை வெளியிடுபவருக்கு ரூ.5,000 வரை அபராதம் உண்டு. லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு இதைவிடக் கடுமையானது; அச்சட்டத்துக்கு மாறான லாட்டரிக்கு முகவராக இருப்பவரையும் விற்பவரையும் மட்டுமல்லாமல் வாங்குபவரையும் அது சேர்த்தே சொல்கிறது; இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடமுண்டு. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் குலுக்கலுக்கும் பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. மேற்சொன்ன இரண்டு சட்டங்களே போதுமானவை என்பதால் அதற்குள் போகவில்லை.

ஐந்து கூப்பன்கள் வாங்கியதற்காக உங்கள் மீது வழக்கு வரும் என்று நான் கருதவில்லை. நடைமுறையில் காவல்துறை நடத்துபவர்களையும் விற்பவர்களையுமே தேடுகிறது. ஆனால் இருபது பேரைச் சேர்த்துவிட்ட அன்றே நீங்கள் வாங்கியவர் என்ற நிலையிலிருந்து முகவர் என்ற நிலைக்கு மாறிவிடுகிறீர்கள். பணம் திரும்ப வராதபோது அந்த இருபது பேரும் பக்கத்தை நடத்துபவரைத் தேடிப் போக மாட்டார்கள். உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அவர்கள் கொடுக்கும் புகாரிலும் உங்கள் பெயரே முதலில் இருக்கும். ஆகவே அந்த வேலையை ஏற்காதீர்கள்.

லாபக் கணக்காகப் பார்த்தாலும் இது தேறாது. 50,000 கூப்பன்களும் விற்றால் அவர்களுக்கு வருவது ஒரு கோடியே 49 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். கொடுப்பதாகச் சொல்வது ஒன்பது லட்ச ரூபாய் கார். அதாவது நீங்கள் ரூ.299 கொடுத்து வாங்கிய ஒவ்வொரு கூப்பனுக்கும் பின்னால் இருப்பது 18 ரூபாய்ப் பரிசு. கார் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். லாட்டரிப் பரிசுக்கு 30 விழுக்காடு வருமான வரியும் அதன்மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்து ரூ.2,80,800 கட்ட வேண்டியிருக்கும். வேறு வருமானம் இல்லை என்பதற்காக இதில் சலுகை கிடையாது. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே அதை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த விதியைத்தான். 'வரியை முதலில் அனுப்புங்கள், கார் வீட்டுக்கு வரும்' என்று ஜிபே எண் கொடுப்பார்கள். உண்மையான வரி உங்கள் பான் எண்ணின் பேரில் சலான் மூலம் அரசுக் கணக்குக்குப் போகும். எந்தத் தனிநபரின் எண்ணுக்கும் போகாது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேர்மையாகக் குலுக்கி உங்கள் எண்ணே வந்த பின்பும் அவர்கள் காரைத் தர மறுத்தால், அதைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு வழியில்லை. சட்டம் தடுத்த நோக்கத்துக்காகச் செய்துகொண்ட உடன்பாடு செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு கூறுகிறது. செல்லாத உடன்பாட்டின் பேரில் காரைக் கோர முடியாது.

கட்டிய ரூ.1,495 வேறு கணக்கு. 'நாங்கள் சாவிக்கொத்துதான் விற்றோம்' என்று அவர்கள் போட்ட வேடமே இங்கே உங்களுக்கு உதவுகிறது. அப்படியானால் நீங்கள் நுகர்வோர். விற்பனையைப் பெருக்கக் குலுக்கல் நடத்துவதையும், அதன் முடிவை மறைப்பதையும் முறையற்ற வணிக நடைமுறையாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்துள்ளது. மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், காரைக் கோராமல், செலுத்திய விலையையும் இழப்பீட்டையும் மட்டும் கோரி இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை. எதிர்தரப்பின் முகவரி தெரியாதே என்று தயங்க வேண்டாம். அவர்கள் போட்டிருந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடினால், எண் உண்மையானதாக இருக்கும்பட்சத்தில், பதிவு செய்தவரின் பெயரும் தொழில் நடக்கும் இடமும் தெரிந்துவிடும். பொய்யான எண் என்றால் அதுவே ஏமாற்றும் எண்ணத்துக்குச் சான்று.

இதோடு 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ இப்போதே பதிவு செய்யுங்கள். பணம் அனுப்பிய உடனே செய்திருந்தால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நாள் கடந்துவிட்டாலும், ஒரே வங்கிக் கணக்கின் மீது பல புகார்கள் சேரும்போது விசாரணை வேகம் பெறும். நேரில் கொடுப்பதானால், மேலூர் மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் வராது என்பதால் மாவட்டக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவை அணுகுங்கள். தொடக்கம் முதலே கார் கொடுக்கும் எண்ணம் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆவது பிரிவின் கீழ் மோசடி வழக்காகும். விளம்பரம், குலுக்கல் தள்ளிப்போன அறிவிப்புகள், ஆள் சேர்க்கச் சொன்ன செய்தி, பணப் பரிமாற்ற எண் ஆகிய அனைத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவை இருக்கும் கைப்பேசியை விற்கவோ அழித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் தரும்போது அந்தக் கருவி தேவைப்படும். அந்த விளம்பரத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், படம் எடுத்து வைத்துக்கொண்டு நீக்கிவிடுங்கள். அதைப் பார்த்துப் பணம் கட்டியவர் யாராவது இருந்தால் அவரையும் தன் பெயரில் தனியாகப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.