திருமணம் உண்மையானது என்று குடிவரவு அதிகாரிக்கு எப்படிக் காட்டுவது?

துணையின் குடிவரவு விண்ணப்பத்துக்குப் பதிவுச் சான்றிதழும் கல்யாணப் படங்களும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் போதாது. திருமணம் சட்டப்படி நடந்தது என்பதற்குத்தான் சான்றிதழ். அதிகாரி தேடுவது நீங்கள் சேர்ந்து வாழ்வதற்கான தடயங்களை. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் துணையை நாமினியாகப் போட்டது எல்லாம் கனமான ஆதாரங்கள். கணக்கைத் திறந்து வைத்தால் மட்டும் ஆகாது, வீட்டுச் செலவு அதில் ஓட வேண்டும்.

தனித்தனி ஊரில் இருக்கிறீர்களா? சரி, பயணச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, அழைப்புப் பதிவு கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை மூட்டையாக அச்சிடாமல், காலம் முழுவதும் பரவலாகச் சில பக்கங்களை, தேதி தெரியும்படி எடுங்கள்.

அப்புறம், முந்தைய திருமணம் இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். விவாகரத்து ஆணையையும் சேர்த்துக் கொடுங்கள்.