பாட்டில் தண்ணீர் அப்படியே திரும்பி வருதுங்க: தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்பு, கேள்வி பதில்

கோபிப் பக்கத்து ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் முப்பது வருசத்துக்கு மேல் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யார் வீட்டுக் குழந்தை என்று தெரியக்கூடாது என்பதால் பெயர்களை விட்டுவிட்டேன்.

பல்லடம், ஓர் அம்மா: டீச்சருங்க, ரெண்டாவது படிக்கிற என் பொண்ணு கொண்டுபோற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வருது. கேட்டா தாகமே இல்லைங்கறா. ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்துடுச்சு.

தாகம் இல்லாமல் இருக்காது அம்மிணி. கழிவறைக்குப் போகப் பயந்துதான் குடிக்காமல் இருப்பாள். எங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தாள். நானும் முதலில் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று அதட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில் இருந்தது, அவளுக்கு எட்டவில்லை. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். வெளியே பையன்கள் கதவைத் தள்ளி விளையாடுவார்கள். அன்று மதியமே ஆசாரியை வரச்சொல்லி, இரண்டரை அடி உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டோம். அடுத்த வாரம் பாட்டில் காலியாகப் போனது.

நீங்களும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் எட்டுகிறதா, உள்ளே வெளிச்சம் இருக்கிறதா, தண்ணீரும் மக்கும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்புறம், குழந்தையிடம் "அங்க உனக்கு என்ன பிடிக்கலை கண்ணு?" என்று கேளுங்கள். "யாராவது தொட்டாங்களா?" என்று நாமே பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஈரோடு, ஓர் அப்பா: ஞாயித்துக்கிழமை ராத்திரியானா பையனுக்கு வயித்துவலி. டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார். நடிக்கிறானுங்களா?

நடிப்பில்லைங்க. சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் நிஜ வலியாகவே வரும். எந்தெந்த நாளில் வருகிறது, அன்று என்ன வகுப்பு, வேனில் யார் பக்கத்தில் உட்கார்கிறான் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வாய் திறக்க மாட்டான். கடலைக்காய் உரிக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ பேச்சுக் கொடுங்கள். அடிதான் காரணம் என்று தெரிந்தால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது என்று பள்ளியில் தைரியமாகச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. "கண்ணை மட்டும் விட்டுட்டு நாலு போடுங்க டீச்சர்" என்று நம் ஊர்ப் பெற்றோரே சொல்லிவிட்டுப் போவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் அப்படிச் சொல்லாதீர்கள்.

ஓர் ஆசிரியை: மூணாவது படிக்கிற பெண் குழந்தை, சொந்தக்கார மாமா ஒருத்தர் தப்பா நடந்துக்கறதா என்கிட்ட சொல்லிட்டா. தலைமையாசிரியர், "குடும்ப விஷயம், புள்ளை பேரு கெட்டுரும், பொறுங்க"ன்னு சொல்றார்.

பொறுக்காதீர்கள் அம்மா. ஒருநாள்கூடப் பொறுக்காதீர்கள். குழந்தை இன்றைக்கும் அதே வீட்டுக்குத்தான் போகிறாள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, இப்படி நடந்தது தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. இதைத் தலைமையாசிரியரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நீங்களே கூப்பிடலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. ஆனால் காவல் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பேர் கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். குழந்தையின் பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க வருகிற காவல் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வைத்துத்தான், கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் அல்லது அதற்கு மேற்பட்டவர் கேட்க வேண்டும்.

குழந்தையிடம் இரண்டே வார்த்தை சொன்னால் போதும்: "நீ சொன்னது நல்லது கண்ணு. உன் மேல தப்பே இல்லை." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். நாலு பேர் முன்னால் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

பெருந்துறை, ஒரு பாட்டி: இந்தத் தொடுதல் சமாச்சாரமெல்லாம் எந்த வயசுல சொல்லித் தரோணும்?

அங்கன்வாடி வயதிலேயே, குளிப்பாட்டும்போதே சொல்லலாங்க அம்மா. அதைவிட முக்கியம், விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு முத்தம் குடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடாமல் இருப்பது. வேண்டாம் என்று சொல்ல வீட்டில்தானே பழக வேண்டும்?

சத்தியமங்கலம், ஓர் அப்பா: கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டா பசங்களைப் பிடிச்சு வைக்க முடியலை.

முதலில் நீச்சல் பழக்குங்கள், பெரியவர் ஒருவர் கூட இருந்து. அடுத்து இதைச் சொல்லிக் கொடுங்கள்: கூட்டாளி தத்தளித்தால் குதிக்கக் கூடாது. கத்த வேண்டும், கயிறு, துண்டு, காலி பிளாஸ்டிக் குடம் எது கிடைத்தாலும் வீச வேண்டும். ஒருவனைக் காப்பாற்றக் குதித்து இரண்டு பேராகப் போன வீடுகள் நம் பக்கத்தில் உண்டு.

திருப்பூர், ஓர் ஆசிரியர்: பனியன் கம்பெனியில் வேலை செய்கிற ஒடிசாக்காரர் பையன். சேர்ந்து மூன்று வாரமாகிறது, வாயே திறக்கவில்லை.

புது மொழிக்குள் வந்த பிள்ளை கொஞ்ச நாள் பேசாமல் இருப்பது சகஜம் தம்பி. ஆனால் வகுப்பில் அடி பட்டாலும் யாராவது மிரட்டினாலும் சொல்ல முடியாத பிள்ளை அவன்தான். தண்ணீர், கழிவறை, வலி, பயம் என்று நாலு படம் வரைந்து அவன் மேசையில் ஒட்டுங்கள், தொட்டுக் காட்டட்டும். ஒடியாவில் தண்ணீருக்கு "பாணி". அவன் அம்மா சிப்ட் முடிந்து வரும்போது இன்னும் நாலு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "வலிக்குது" என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல்வார்கள் என்று.