2050-இல் ஊர்க்குளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க்குளத்துக்கு 2050 வரை திட்டம் போட விரும்புகிறோம். 'எதிர்காலச் சூழல் மாதிரி' (இனி என்னென்ன நிலை வந்தால் குளம் எப்படியிருக்கும் என்ற கணக்கு) தயாரிக்க எக்ஸெல் தெரிந்தால் போதுமா?
– வாசகர், தேரூர்

பதில்: போதும். ஆனால் முதலில் குளத்தில் இறங்க வேண்டும். 20 மீட்டருக்கு ஓர் இடத்தில் கழியை ஊன்றி ஆழம் எடுங்கள். பழைய பதிவேட்டுக் கொள்ளளவை நம்பினால், வண்டல் மூடிய இடமும் கணக்கில் தண்ணீராகிவிடும்.

கணக்கு இதுதான்: நேற்றைய இருப்போடு மழை, ஓடுநீர் (சுற்று நிலத்திலிருந்து ஓடிவரும் மழைநீர்), கால்வாய் வரத்தைக் கூட்டி, ஆவி, கசிவு, மடைத் தண்ணீரைக் கழியுங்கள். 1 ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10 கன மீட்டர். 10 ஹெக்டேர் குளத்தில் தினம் 5 மி.மீ. ஆவியானால் 30 நாளில் 15,000 கன மீட்டர் போச்சு. சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு. பலர் மறப்பது இதைத்தான்.

மாதக் கணக்கு வேண்டாம், நாள் கணக்காகப் போடுங்கள். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் ஒரே நாளில் 50 மி.மீ. பெய்து 30% ஓடிவந்தால் 15,000 கன மீட்டர். தோப்பெல்லாம் வீட்டுமனையாகி 60% ஓடினால் 30,000. வரத்து கூடியதே என்று மகிழ வேண்டாம். குளம் நிறைந்திருந்தால் அத்தனையும் மறுகாலில் (உபரிநீர் வழியும் வழியில்) போய்விடும். மாத மொத்தத்தில் இந்த இழப்பு தெரியாது.

அடுத்து, மாதிரியைப் பழைய ஆண்டுகளில் ஓட்டிப் பாருங்கள்: வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016, ஒக்கிப் புயல் அடித்த 2017. குளம் அப்போது இருந்த நிலையை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். விடை ஒட்டவில்லை என்றால் கசிவையும் ஓடுநீர் விகிதத்தையும் திருத்துங்கள். மழை அளவில் கைவைப்பது ஏமாற்று.

பிறகுதான் சூழல்கள்: மழை குறைவு அல்லது மிகுதி, வயல் நிலைப்பது அல்லது மனையாவது என நான்கு. உங்கள் குளம் கால்வாயின் கடைமடையில் இருந்தால் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பாதியாகும் நிலையையும் சேருங்கள். இவற்றில் எது நடக்கும் என்று சதவீதம் போட்டு மெனக்கெட வேண்டாம். ஒவ்வொன்றிலும் கும்பப்பூப் பயிருக்கு (குமரி மாவட்டத்தின் இரண்டாம் போக நெல்லுக்கு) எத்தனை நாள் தண்ணீர் குறைகிறது, தூர்வாரினால் எத்தனை நாள் மீள்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கடல் ஒரு மீட்டர் உயரும் என்கிறார்களே, அதையே எங்கள் கணக்கில் போடலாமா?
– வாசகர், மணக்குடி

பதில்: அது 2100-க்குப் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் அளவின் மேல்விளிம்பு. ஐபிசிசியின் (காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழு) 2021 அறிக்கைப்படி, 1995–2014 சராசரியைவிட உலகக் கடல்மட்டம் 2100-இல் பசுங்குடில் வாயுக்களின் மிகக் குறைந்த உமிழ்வில் 0.28–0.55 மீட்டரும், மிக அதிக உமிழ்வில் 0.63–1.01 மீட்டரும் உயரக்கூடும். 2050-க்கு 0.15–0.29 மீட்டர்தான், உங்கள் திட்டத்துக்கு அதையே எடுங்கள். கோடையில் மணக்குடியில் கடலில் சேரும் பழையாற்றில் எவ்வளவு நன்னீர் வருகிறது என்பதையும் சேருங்கள். அது குறைந்தால், கடல் உயராமலே உப்பு உள்ளே ஏறிவிடும்.