கையகப்படுத்தல் என்றொரு சொல்

கேள்வி: விளைநிலங்கள் வேகமாக மனைகளாகி வருகின்றன. விமான நிலையத்துக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கிற அரசு, விவசாயத்தைக் காப்பாற்றவும் தனியார் நிலங்களைக் கையகப்படுத்தி, எப்போதும் சாகுபடிக்கே என்று வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: உங்கள் கேள்வியில் 'கையகப்படுத்தி' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். கிராமத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. 'நிலம் எடுக்க வர்றாங்க' என்பார்கள். அதற்கென்றே 'தனி வட்டாட்சியர் (நில எடுப்பு)' என்று பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகமும் இருக்கிறது. எடுப்பதற்கு ஒரு தாசில்தார் உண்டு. எடுக்காமல் காப்பதற்கு ஒரு தாசில்தாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அரசின் கைக்கு வந்தால் நிலம் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறீர்கள். ஏற்கெனவே அந்தக் கையில் இருந்தவை என்ன ஆயின? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. ஏரியைக் காணோம். மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கத் தொடங்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் இடத்தின் பெயர் உலகனேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது, பாருங்கள். இவை எல்லாம் புறம்போக்கு. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.

'புறம்போக்கு' என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தச் சொல்லுக்காக இந்தப் பக்கத்தில் முன்பும் சண்டை போட்டிருக்கிறேன். ஊர் மாடுகள் மேய்ந்த தரைக்கும், ஊர் வயல்கள் குடித்த ஏரிக்கும் வருவாய்த் துறை வைத்த பெயர் அது. ஊருக்கே சொந்தம் என்பதுதான் நடைமுறையில் அதற்குப் பொருள். அதை நாம் ஆளைத் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டோம். எல்லாருக்கும் சொந்தமானதை மட்டமாக நினைக்கப் பழகிய பிறகு, அதைக் கூறுபோட ஒருவன் வந்தால் கேட்க ஆள் ஏது? 'தரிசு' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். மழை பார்த்து எள்ளும் கொள்ளும் விதைக்கிற மானாவாரி நிலம், கோப்பில் தரிசாகிவிடுகிறது. அப்புறம் அதை எடுப்பது சுலபம்.

சரி, உங்கள் யோசனைக்கு வருகிறேன். 2022 முதல் பரந்தூர் விமான நிலையத்தை ஏகனாபுரம் மக்கள் எதிர்த்து நிற்க முடிகிறது என்றால், பட்டா அவர்கள் கையில் இருப்பதால்தான். 2023-இல் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டை எதிர்த்த விவசாயிகள் மீது குண்டர் சட்டமே பாய்ந்தது. அப்போதும் அவர்கள் பேசியது தங்கள் நிலத்தைப் பற்றி. அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் பரவனாற்றுக் கால்வாய்க்காக, பச்சை நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலத்தை நாங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டோம் என்றது நிறுவனம். பயிர் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் ஆவணம் வேறு கையில் இருந்தது. 'கையகப்படுத்தல்' என்றாலே எனக்கு அந்த வயல்தான் நினைவுக்கு வருகிறது.

நிபந்தனை போட்டு வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். 1892-இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் மக்களுக்குப் பஞ்சமி நிலம் கொடுத்தது நிபந்தனையோடுதான்: பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்தான் விற்கலாம். 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் யார் கையிலோ இருக்கிறது. நிபந்தனையைக் காக்க வேண்டியதும் அரசுதான்.

எடுக்காமலே காக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் தொடலாம் என்கிறது. தமிழ்நாடு அடுத்த ஆண்டே ஒரு திருத்தம் போட்டு, தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் எடுக்கும் தன் சட்டங்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019-இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டும் இதில் ஒரே கட்சி போலவே நடந்துகொண்டதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நல்ல தொடக்கம். டெல்டாவில் உருக்காலையும் புதிய எண்ணெய்க் கிணறும் கூடாது என்றது. ஆனால் அதன் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. திருவாரூர் வயலில் மனைக்கல் நடுகிறவருக்கு அந்தச் சட்டத்தால் ஒரு தொல்லையும் கிடையாது.

கல் நட விடுகிற விவசாயியைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது அவர் வீட்டுக் கணக்கு. வயலாக விற்றால் ஒரு விலை, மனையாக விற்றால் பல மடங்கு. 'நீ வயலாகவே வைத்திரு' என்று நாம் அவரிடம் சொன்னால், அந்த வித்தியாசத்தை அவர் தலையில் கட்டுகிறோம். சோறு ஊருக்கு, நஷ்டம் அவருக்கு. இது அநியாயம்.

அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்து சஃபோக் மாவட்டம் 1974-இல் ஒரு வழி கண்டது. நிலத்தை வாங்காமல், அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. நிலம் விவசாயியிடமே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். யார் வாங்கினாலும் அது வயல்தான். பிரான்சில் 1960-இல் தொடங்கிய அமைப்புகள் விற்பனைக்கு வரும் விளைநிலத்தை முந்திக்கொண்டு வாங்கி, இன்னொரு விவசாயிக்கே விற்கின்றன. அங்கேயும் நிலம் அரசின் கையில் தங்குவதில்லை.

இங்கே இது செலவாகும். முப்போகம் விளையும் காவிரிப் படுகையில் தொடங்கினால்கூடப் பெரிய தொகைதான். மேம்பாலத்துக்குப் பணம் தேடுகிற அரசு இதற்கும் தேடட்டும். நீங்கள் உங்கள் கேள்வியில் 'நிலங்களைக் கையகப்படுத்தி' என்பதை அடித்துவிட்டு, 'மனையாக்கும் உரிமையை விலைக்கு வாங்கி' என்று மாற்றி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் 'ஆம்' என்று ஒரே சொல்லில் பதில் போடுகிறேன்.