தேவாரம், கிறிஸ்தவக் கீர்த்தனை, சூஃபிப் பாடல்: வடிவத்தில் இவற்றுக்குள் உறவு உண்டா?

உண்டு, நிறையவே. கடவுள் வேறானாலும் பாட்டின் சட்டகம் பெரும்பாலும் பொதுச்சொத்துதான்.

தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பதிகங்களில் (பத்துப் பதினொரு பாட்டுகள் கொண்ட தொகுதிகளில்) பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும், பத்தில் சமண பௌத்தர் மீதான சாடல், கடைசியில் தன் பெயரும் பாடியவர் பெறும் பயனும். ஒரு பதிகம் முழுக்க ஒரே யாப்பு, ஒரே பண் (பழந்தமிழ் இசையில் ராகம் போன்றது). ஆக, முதல் பாட்டின் மெட்டு பிடிபட்டால் மற்றவையும் தானாக வந்துவிடும். கூட்டமாகப் பாடுவதற்கு இதைவிட வசதி ஏது? ஐரோப்பியத் திருச்சபைப் பாடல்களும் இப்படித்தான்: எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டு. அசைக் கணக்கு பொருந்தினால் ஒரு பாட்டை இன்னொன்றின் மெட்டிலும் பாடலாம்.

ஜெர்மானிய மிஷனரிகள் அந்த மெட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு தமிழ் வரிகளைப் பொருத்தினார்கள். என் காதுக்கு அவற்றில் பல இன்றும் கொஞ்சம் இடறும். கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேறு வழியில் போனார்; அவர் எடுத்துக்கொண்டது கீர்த்தனை வடிவம்: பல்லவி, அனுபல்லவி, சரணம், ராகம், தாளம். குறத்தி குறி சொல்வதை மையமாகக் கொண்டு, குற்றாலநாதருக்குப் பாடப்பட்ட குறவஞ்சி வடிவத்தையும் விடவில்லை; ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவருடையதே.

இஸ்லாமியத் தரப்பில் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு. சைவ ஞானி தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணி போலவே, ‘பராபரமே’ என்று முடியும் ஈரடிக் கண்ணிகளை இவரும் பாடியிருக்கிறார். இரண்டிலிருந்தும் சில கண்ணிகளைக் கலந்து கொடுத்தால், எது யாருடையது என்று பிரிப்பது பழகியவர்களுக்கே சிரமம்.