ஜீனில் எழுத்துப்பிழை இல்லாமலே பெருங்குடல் புற்றுநோய் வருமா? எபிஜெனெடிக் நொதிகளுக்கு இதில் என்ன வேலை?

வரலாம். ஜீனின் எழுத்தைத் தொடாமல், அதன் வாயை அடைத்தாலே போதும். இப்படி எழுத்தை மாற்றாமல் ஜீனை அடக்குவதும் எழுப்புவதும்தான் எபிஜெனெடிக் வேலை. அதில் டிஎன்எம்டி என்ற நொதிகள் டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டுகின்றன. நல்ல செல்லிலும் அன்றாடம் நடப்பதுதான். ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டினால்தான் வம்பு.

எம்எல்எச்1 ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்த உதவுவது இது. இதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் ஏறினால் ஜீன் அடங்கிவிடும், பிழைகள் குவியும். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இப்படித் திருத்தும் வேலை கெட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மெத்திலே காரணம். பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறி காரணமாவது குறைவுதான். எனவே பயாப்சி ரிப்போர்ட்டில் ‘எம்எல்எச்1 இல்லை’ (அந்த ஜீன் தரும் புரதம் கட்டியில் இல்லை) என்று பார்த்ததுமே பிள்ளைகளுக்கும் வருமோ என்று பதற வேண்டாம். கட்டியில் பிராஃப் என்ற இன்னொரு ஜீனில் வி600இ என்ற மாற்றமும் இருந்தால் பரம்பரை நோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

சரி, மெத்திலை எடுக்க மருந்து? அசாசைட்டிடின் ரத்தப் புற்றுநோய்களில் கைகொடுத்த அளவுக்குக் குடல் கட்டிகளில் கைகொடுக்கவில்லை. நோயைக் கண்டுபிடிக்கத்தான் மெத்தில் இப்போது அதிகம் உதவுகிறது: ரத்தத்தில் செப்டின்9 ஜீனின் மெத்திலைத் தேடும் பரிசோதனைக்கு அமெரிக்க எஃப்டிஏ 2016-ல் அனுமதி தந்தது. ஆனாலும் கொலனோஸ்கோபிக்கு அது ஈடில்லை.