கேள்வி–பதில்: வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் சாயம்

கேள்வி: என் தங்கை எம்.எஸ்சி. வேதியியல் புராஜெக்டுக்குப் புற்றுநோய்க்கான சாயம் தயாரிக்கிறாளாம். குடுவையைச் சுற்றி அலுமினியத் தாள் வேறு. சாயம் எப்படி மருந்தாகும்? இருக்கிற சாயங்கள் போதாதா?

பதில்: இருட்டில் அது சும்மா கிடக்க வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. ஊசியில் ஏற்றி, கட்டியில் சேரும்வரை காத்திருந்து, அந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், சாயம் ஒளியின் ஆற்றலை வாங்கி அக்கம்பக்கத்து ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். புற்றுச் செல்லைக் கொல்வது ஆற்றல் ஏறிய அந்த ஆக்சிஜன்தான். செல்லுக்குள் அதன் ஆயுள் மைக்ரோ நொடிக் கணக்கு என்பதால் ரொம்ப தூரம் போகாது, பக்கத்தில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் மட்டும் சிதைக்கும்.

ஆனால் தோலிலும் சாயம் தங்கிவிடும். 1912-ல் ஃப்ரீட்ரிஷ் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற சாயத்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டு வெயிலில் போய், முகமும் கையும் வீங்கி வாரக்கணக்கில் அவதிப்பட்டார். 1995-ல் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அமெரிக்கா அனுமதித்த ஃபோட்டோஃப்ரினும் அதே வம்சம். ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். புதிய சாயம் ஏன் என்றால், முதலில் இதற்குத்தான்.

உங்கள் தங்கை செய்வது அநேகமாக போர்ஃபிரின் என்ற வளைய வடிவ மூலக்கூறாக இருக்கும். பைரோலையும் பென்சால்டிஹைடு வகை ஒன்றையும் புரோபியோனிக் அமிலத்தில் கொதிக்கவிட்டால் குடுவை கரேலென்று தார் மாதிரி ஆகும், நாற்றம் சட்டையோடு வீடுவரை வரும், ஆறவைத்து வடிகட்டிக் கழுவினால் வடிதாளில் பளபளவென ஊதாப் படிகம் நிற்கும். 20 சதவீதம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். அலுமினியத் தாள் எதற்கென்றால், வெளிச்சத்தில் சாயமே வெளுத்துவிடும்.

சிக்கல் இனிமேல்தான். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் குடித்துவிடும், அதனால் 650 முதல் 800 நானோமீட்டர்வரை உள்ள ஒளிதான் சதைக்குள் ஓரளவாவது இறங்கும். போர்ஃபிரினோ அந்தப் பக்கம் சோம்பேறி. வளையத்தில் இரண்டே இரண்டு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அது குளோரின் ஆகும் (நீச்சல்குளத்துக் குளோரின் இல்லை, இலைப் பச்சையத்தின் உறவு), சிவப்பை நன்றாக உறிஞ்சும். 652 நானோமீட்டரில் வேலை செய்யும் டெமோபோர்ஃபின் என்ற மருந்து இப்படி வந்ததுதான். இன்னும் இன்னும் சிவப்புக்குப் போகலாமே என்றால், 850-ஐத் தாண்டினால் ஆக்சிஜனை உசுப்பும் அளவுக்கு ஆற்றல் இருக்காது. அப்புறம், தட்டையான இந்த மூலக்கூறுகள் தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். சாயம் எவ்வளவு ஆக்சிஜனை உசுப்புகிறது என்று கரிமக் கரைப்பானில் அளந்த கணக்கைக் கட்டுரைகளில் பெருமையாகப் போடுவார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தண்ணீரிலும் செல்லிலும் என்ன ஆகிறது என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். புராஸ்டேட் புற்றுக்கு ஐரோப்பா 2017-ல் அனுமதித்த பாடெலிபோர்ஃபின் தண்ணீரில் கரையும், 753-ல் வேலை செய்யும், சீக்கிரம் உடலைவிட்டுப் போயும்விடும். நல்ல வடிவமைப்பு என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: மெத்திலீன் நீலமும் இப்படித்தானாமே, குடித்துவிட்டு வெயிலில் நின்றால் போதாதா?

பதில்: வேண்டவே வேண்டாம். கட்டியில் எவ்வளவு சேர்ந்தது, ஒளி எவ்வளவு போனது என்று எதுவும் கையில் இல்லை. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.